இடி வெட்டினால் பிளக்கைப் பிடுங்கிப் போடுவதா, பெட்டி வாங்குவதா, எர்த்து போடுவதா?

சித்திரை பிறந்து பேச்சிப்பாறை மலைப்பக்கம் மேகம் கறுக்கத் தொடங்கினால் எனக்கு போன் வரத் தொடங்கும். "அண்ணே, போன வருஷம் டிவி போச்சு. இந்த வருஷம் என்ன வாங்கி வைக்கணும்?" கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு, தக்கலை பக்கம் இருபது வருடமாக வயரிங் வேலை பார்க்கிறேன். கேள்வி மாறவில்லை, பதில்தான் வீட்டுக்கு வீடு மாறுகிறது. கடைக்காரர் ஸ்பைக் பஸ்டர் என்பார். மச்சான் ஸ்டெபிலைசர் என்பார். துபாயில் இருக்கும் மகன் யூடியூபில் பார்த்துவிட்டு, மெயின் போர்டில் மாட்டும் எஸ்பிடி என்பான். வீட்டில் அம்மை மட்டும் "பிளக்கை ஊரிப் போடு மக்களே, அது போதும்" என்பாள்.

அம்மை சொல்வது பாதிக்கு மேல் சரி. மீதியை முடிவு செய்ய, மத்தியானம் மூன்று மணிக்கு அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் தெரிய வேண்டும்.

## எதை வைத்து அளப்பது

பொருள் வாங்கும் முன் இடி வீட்டுக்குள் எந்த வழியாக வருகிறது என்று பார்க்க வேண்டும். நான் நான்கு வழி வைத்திருக்கிறேன்.

முதல் வழி, மின்னல் நேராக வீட்டின் மேல் விழுவது. ஒரு சாதாரண மின்னலில் 30,000 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் பாயும். நம் மெயின் எம்சிபி, அதாவது அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச், 32 ஆம்பியர். இதற்கு எந்தப் பெட்டியும் உத்தரவாதம் தராது. நல்லவேளை, இது அபூர்வம்.

இரண்டாவது, லைன் வழி. நம் மாவட்டத்தின் மேற்குப் பாதியில் வீடுகள் தெருவாக இல்லை. விளைக்கு ஒரு வீடு, தோப்புக்கு ஒரு வீடு. ரப்பர் மரத்துக்கும் தென்னைக்கும் நடுவே போஸ்ட் போஸ்டாகக் கம்பி நீண்டு போகிறது. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் கம்பியின் மேலோ பக்கத்திலோ இடி விழுந்தாலும், அந்தக் கம்பியில் சில ஆயிரம் வோல்ட் ஒரு நொடியைவிட மிகச் சிறிய நேரத்தில் ஏறி நம் சர்வீஸ் வயர் வழியாக உள்ளே வந்துவிடும்.

மூன்றாவது, பக்கவழி. கேபிள் டிவி வயர், மொட்டை மாடி டிஷ், வாசல் கேமரா வயர், கிணற்று மோட்டாருக்குப் போகும் வயர். ஆட்கள் மறப்பது இதைத்தான்.

நான்காவது வழிக்கும் இடிக்கும் நேரடிச் சம்பந்தமே கிடையாது. காற்றில் தென்னை மட்டை விழுந்து லைனின் நியூட்ரல் அறுந்துவிடும். மூன்று பேஸுக்கும் பொதுவான அந்தக் கம்பி போனால், 230 வோல்ட் வரவேண்டிய வீட்டில் 300, 350, சில வீட்டில் 400 வரை ஏறும். அதே நேரத்தில் பக்கத்து வீட்டில் பல்பு மினுக்கட்டாம்பூச்சி மாதிரி மங்கும். இடி தாக்குவது கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நியூட்ரல் போனால் யாராவது போய்ச் சரி செய்யும் வரை அந்த ஏற்றம் நிற்கும். இடியின் தலையில் பழி போட்டு என்னிடம் கொண்டுவரப்பட்ட கருகிய போர்டுகளில் பல, உண்மையில் தென்னை மட்டை செய்த வேலை.

ஆகவே ஒவ்வொரு பொருளையும் நான்கு கேள்வியால் அளக்கிறேன். எந்த வழியை அடைக்கிறது? ஆள் இல்லாத நேரத்தில் வேலை செய்யுமா? எர்த்து, அதாவது மண்ணுக்குப் போகும் இணைப்பு, இல்லாமல் பலன் உண்டா? வாங்கிய பிறகு இன்னும் என்ன செலவு வைக்கும்?

## பிளக்கைப் பிடுங்குவது

செலவு பூஜ்யம். பிடுங்கிய பிளக் சுவிட்ச் போர்டை விட்டு ஒரு அடி தள்ளிக் கிடந்தால், லைன் வழி வரும் இடிக்கும் நியூட்ரல் கோளாறுக்கும் இதைவிட நல்ல தடுப்பு கடையில் இல்லை.

சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் நிறைய. போதாது. நம் சுவிட்ச், மின்சாரம் வரும் பேஸ் கம்பியை மட்டும்தான் வெட்டுகிறது. நியூட்ரலும் எர்த்தும் இணைந்தே இருக்கும். வெட்டிய இடத்திலும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான், ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு அது ஒரு தாவு. டிபியில், அதாவது மெயின் போர்டில், பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டும் டபுள் போல் மெயினை அணைப்பது இதைவிடக் கொஞ்சம் மேல். அவசரத்துக்கு அதைச் செய்யலாம்.

இந்த வழியின் குறை மூன்று.

ஒன்று, பக்கவழி. ஓர் ஐப்பசி மாலை எங்கள் வீட்டிலேயே டிவி பிளக்கைப் பிடுங்கிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தோம். செட்டாப் பாக்ஸின் பிளக்கும், பின்னால் வந்த கேபிள் வயரும் அப்படியே இருந்தன. பக்கத்து ரப்பர் விளையில் ஒரு வெட்டு. பாக்ஸ் கருகியது, அதிலிருந்து போன எச்டிஎம்ஐ வயர் வழியாக டிவி போர்டும் போனது. வயரிங்காரன் வீட்டிலேயே இப்படி என்று ஊரில் ஒரு மாதம் சிரித்தார்கள். அன்றிலிருந்து கேபிளைத் திருகிக் கழற்றாமல் பிளக்கை மட்டும் பிடுங்குவதில்லை. வீட்டு இணையம் பைபரில் வந்தால் அந்தக் கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது. ஆனால் அதோடு சேர்ந்து வரும் தாங்கு கம்பி இரும்பு. அதை ஜன்னல் கம்பியில் சுற்றிக் கட்டிவிட்டுப் போகும் பழக்கம் இருக்கிறது, உங்கள் வீட்டில் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, நேரம். இடி தலைக்கு மேல் வந்த பிறகு பிளக்கைத் தொடுவது பொருளுக்காக ஆளைப் பணயம் வைப்பது. மின்னல் தெரிந்ததும் எண்ணுங்கள். மூன்று எண்ணுவதற்குள் சத்தம் வந்தால் ஒரு கிலோமீட்டர், முப்பதில் வந்தால் பத்து கிலோமீட்டர். முப்பதுக்குக் கீழே வரும் முன்பே எல்லாம் பிடுங்கியாக வேண்டும். கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்தே திரும்பச் செருக வேண்டும். மத்திய அரசின் புனே வானிலை ஆய்வு நிறுவனம் தரும் 'தாமினி' ஆப் போனில் இருந்தால், சுற்றுவட்டாரத்தில் மின்னல் வந்ததுமே சொல்லிவிடும்.

மூன்று, ஆள். கோடையில் நம் பக்கம் இடி பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகுதான். காலையெல்லாம் மலை சூடேறி, கடல்காற்று போய் முட்டி, மூன்று நான்கு மணிக்குப் பொழியும். அந்த நேரத்தில் வேலைக்குப் போனவர் வீட்டில் இல்லை. இருக்கும் வயதான அம்மையால் ஷோகேஸுக்குப் பின்னால் குனிந்து பிளக்கைத் தேட முடியாது. இதற்கு ஒரு சின்ன வழி உண்டு. டிவி, பாக்ஸ், ரவுட்டர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகி, அந்தப் பெட்டியின் ஒற்றைப் பிளக்கை இடுப்பு உயரத்தில், கண்ணில் படும் இடத்தில் வைத்துவிடுங்கள்.

ஃபிரிட்ஜைப் பிடுங்கப் பயப்படுவார்கள். கதவைத் திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம் குளிர் தாங்கும், மீனுக்கு ஒன்றும் ஆகாது.

## ஸ்பைக் பஸ்டர்

ஐந்நூறிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு வரை விலை. இந்தப் பெயரில் விற்பதில் பாதி வெறும் எக்ஸ்டென்ஷன் பெட்டி, சிவப்பு விளக்கு வைத்தது. அட்டையில் சர்ஜ் புரொடெக்ஷன் என்றும், எத்தனை ஜூல் தாங்கும் என்றும் எழுதியிருந்தால் மட்டும் பேச்சு.

உள்ளே இருப்பது எம்ஓவி என்ற வட்டமான சின்ன வில்லை. வோல்ட் அளவுக்கு மீறினால் அது வழிவிட்டு, ஏற்றத்தைத் தன் வழியாகத் திருப்பி விடும். தூரத்து இடிக்குப் பிரமாதம். ஆனால் ஒவ்வொரு அடியிலும் அது கொஞ்சம் தேயும். நாலு வருடம் கழித்து விளக்கு எரியும், வில்லை செத்திருக்கும். புரொடெக்ஷனுக்கென்று தனி விளக்கு உள்ள மாடலாகப் பார்த்து வாங்கச் சொல்வது இதனால்தான்.

பெரிய ஆபத்து வேறு. நியூட்ரல் அறுந்து 400 வோல்ட் வந்தால் இந்த வில்லை தொடர்ந்து மின்சாரத்தைக் குடித்து, சூடேறி, புகையும். உள்ளே வெப்ப ஃப்யூஸ் இல்லாத மலிவுப் பெட்டியாக இருந்தால் தீயும் பிடிக்கலாம். திரைச்சீலைக்கு அடியிலும், மெத்தைக்குப் பின்னாலும் வைக்கவே வேண்டாம்.

எர்த்தும் வேண்டும். பழைய ஓட்டு வீடுகளில் பிளக் பாயின்ட்டில் மூன்றாவது துளை இருக்கும், அதற்குப் பின்னால் வயர் இருக்காது. அங்கே பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே உள்ள வில்லை மட்டும்தான் வேலை செய்யும். அப்புறம், ஃபிரிட்ஜ், ஏசி, மோட்டாரை இதில் மாட்டாதீர்கள். பெரும்பாலானவை 6 அல்லது 10 ஆம்பியருக்கானவை.

வாடகை வீட்டில் இருப்பவருக்கு, கம்ப்யூட்டரும் டிவியும் மட்டும் உள்ளவருக்கு, இது சரி. எஸ்பிடி உள்ள வீட்டில் இரண்டாவது அரணாகவும் நல்லது.

## ஸ்டெபிலைசரும் இன்வெர்ட்டரும்

ஸ்டெபிலைசர் இடிக்கானது அல்ல, லோ வோல்டேஜுக்கானது. லைனின் கடைசி வீட்டில் சாயங்காலம் 170க்கு இறங்குகிறது என்றால் அதை வாங்குங்கள். அதன் உள்ளே தானாக மாறும் சுவிட்சான ரிலே விழித்துக்கொள்வதற்குள் இடி வந்து போயிருக்கும். வோல்ட் ஏறினால் துண்டிக்கும் ஹை கட்டாஃப் உள்ளது என்றால் நியூட்ரல் கோளாறில் அந்த ஒரு பொருளைக் காப்பாற்றும், அந்தப் புண்ணியம் உண்டு.

இன்வெர்ட்டர் இருந்தால் இடி பேட்டரியில் நின்றுவிடும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். கரண்ட் இருக்கும்போது அது லைனை அப்படியே உள்ளே விடுகிறது. சொல்லப்போனால் முதலில் அடிவாங்குவது அதுதான். அதன் பிளக்கைப் பிடுங்கி வீட்டைப் பேட்டரியில் ஓட்டலாம். ஆனால் பல வீடுகளில் நியூட்ரல் பொதுவாகவே இணைத்திருப்பதால் அது முழுத் தடுப்பு ஆகாது.

## மெயின் போர்டில் எஸ்பிடி, நல்ல எர்த்தோடு

சர்ஜ் புரொடெக்டர், சுருக்கமாக எஸ்பிடி. டிபியில் எம்சிபி மாதிரியே உட்காரும். லைனில் வரும் ஏற்றத்தை வீட்டுக்குள் விடாமல் வாசலிலேயே மண்ணுக்குத் தள்ளுவது இதன் வேலை. ஆள் இல்லாத வீட்டிலும் வேலை செய்வது இதன் பெருமை.

வீட்டுக்கு டைப் 2 போதும். 40 கிலோஆம்பியர் வரை தாங்கும் என்றும், மிஞ்சும் வோல்ட் 1.5 கிலோவோல்ட்டுக்குள் என்றும் அதன் மேல் அச்சடித்திருக்கும். வீட்டுச் சாதனங்கள் பொதுவாக 2.5 கிலோவோல்ட் வரை கணநேரம் தாங்கும்படி செய்யப்படுவதால் இந்தக் கணக்கு ஒத்துவரும். சின்ன ஜன்னலில் பச்சை தெரிந்தால் உயிரோடு இருக்கிறது, சிவப்பானால் உள்ளிருக்கும் கேட்ரிட்ஜை மாற்ற வேண்டும். சிங்கிள் பேஸுக்குச் சில ஆயிரம் ரூபாய், த்ரீ பேஸுக்கு அதைவிட மேல்.

மறைந்திருக்கும் செலவு மண்ணுக்குள். எர்த்து சரியில்லாத வீட்டில் எஸ்பிடி, ஓடை இல்லாத ஊரில் மதகு. எர்த்தின் தடை ஐந்து ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது எங்கள் வேலையில் பொதுவான குறி. மேற்கே வெட்டுக்கல் பூமி. மழைக்காலத்தில் நன்றாக இருக்கும் எர்த்து மாசி பங்குனியில் காய்ந்து கெட்டுவிடும். கோடை இடி முதலில் வெட்டுவது அந்தக் காய்ந்த மண்ணின் மேல்தான். பங்குனிக் கடைசியில் எர்த்து குழியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றுங்கள் என்று நான் சொல்வதைச் சடங்கு என்று சிரிப்பார்கள். குளச்சல், முட்டம் கடற்கரையில் சிக்கல் வேறு. உப்பு ஈரம் இருப்பதால் எர்த்து நன்றாகக் கிடைக்கும், ஆனால் ஜிஐ குழாயைத் துரு தின்றுவிடும். அங்கே செம்பு பூசிய ராடு போடுவது லாபம்.

போடுபவரும் முக்கியம். எஸ்பிடிக்குப் போகும் வயரும் அதிலிருந்து எர்த்துக் கட்டைக்குப் போகும் வயரும் சேர்த்து அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். அழகுக்காக வளைத்து வளைத்துக் கொண்டுபோனால் பாதிப் பலன் அந்த வளைவிலேயே போய்விடும். டிஷ்ஷுக்குத் தனி எர்த்து, வீட்டுக்குத் தனி எர்த்து என்று விடாமல் இரண்டையும் இணைக்கவும் சொல்லுங்கள்.

எஸ்பிடி நியூட்ரல் கோளாறைத் தடுக்காது. அதற்கு டிபியிலேயே மாட்டும் ஓவர் வோல்டேஜ் ரிலே ஒன்று இருக்கிறது. வோல்ட் சுமார் 270க்கு மேல் போனால் வீட்டையே துண்டித்து, சரியான பிறகு தானே சேர்க்கும். தென்னந்தோப்புக்கு நடுவே லைன் வரும் வீட்டுக்கு, கையில் காசு குறைவாக இருந்தால் எஸ்பிடிக்கு முன்னால் இந்த ரிலேயைத்தான் போடச் சொல்வேன். கடைக்காரர்கள் இதை அதிகம் சொல்வதில்லை.

ஆர்சிசிபி இருக்கிறதே என்பார்கள். அது 30 மில்லிஆம்பியர் கசிந்தால் துண்டித்து ஆளைக் காப்பாற்றுவது, கட்டாயம் வேண்டியது. பொருளைக் காப்பது அதன் வேலை அல்ல. இடிச் சத்தத்துக்கே அது சும்மா விழுந்து, பூட்டிய வீட்டில் ஃபிரிட்ஜ் நாறிப்போன கதையும் உண்டு.

## இடிதாங்கியும் இன்சூரன்ஸும்

கூரைமேல் இடிதாங்கி கட்டிடத்துக்கானது. சுவர் பிளக்காமல், தீப்பிடிக்காமல் காக்கும். அதை மட்டும் வைத்துவிட்டு எஸ்பிடி இல்லாமல் விட்டால் உள்ளே இருக்கும் டிவிக்குப் பாதுகாப்பு இல்லை. குன்றின் மேல் தனியாக நிற்கும் மாடி வீட்டுக்கு இரண்டும் சேர்த்துப் போடலாம். பக்கத்தில் உயர்ந்த தென்னை நிற்பது இடிதாங்கி ஆகாது. அதில் விழுந்த இடி பக்கவாட்டில் வீட்டுக்குத் தாவும்.

வாரண்டி இடிக்குப் பொதுவாகக் கிடையாது. வீட்டு இன்சூரன்ஸில் 'மின்னல்' என்று இருப்பதைப் பார்த்து மகிழ வேண்டாம். 2021இல் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் மின்னல் சேதம் சேர்த்திதான். ஆனால் ஷார்ட் சர்க்யூட், மின்கசிவு போன்றவற்றால் ஒரு மின்சாதனம் தானே கெட்டால், அதற்குக் காரணம் மின்னலாகவே இருந்தாலும், அந்தச் சாதனத்துக்குப் பணம் இல்லை என்று விலக்குப் பகுதி சொல்கிறது. அதிலிருந்து தீ பரவி வீடு எரிந்தால் வரும்.

## ஒரே பார்வையில்

| வழி | லைன் வழி இடி | கேபிள், டிஷ் வழி | நியூட்ரல் அறுந்தால் | ஆள் இல்லாதபோது |
|---|---|---|---|---|
| பிளக்கும் கேபிளும் கழற்றுவது | மிக நன்று | மிக நன்று | மிக நன்று | பலனில்லை |
| ஸ்பைக் பஸ்டர் | ஓரளவு | இல்லை | ஆபத்து | ஓரளவு |
| ஸ்டெபிலைசர் | இல்லை | இல்லை | கட்டாஃப் இருந்தால் | அதே |
| எஸ்பிடி, நல்ல எர்த்து | நன்று | இல்லை | இல்லை | நன்று |
| ஓவர் வோல்டேஜ் ரிலே | இல்லை | இல்லை | மிக நன்று | மிக நன்று |

## எந்த வீட்டுக்கு எது

பகலில் ஆள் இருக்கும் வீடு, குனிந்து நிமிர முடிந்த ஆள் என்றால் பிளக்கே போதும். மிச்சக் காசில் எர்த்தைச் சரி செய்யுங்கள்.

இருவரும் வேலைக்குப் போகும் நாகர்கோவில் வீட்டுக்கு எஸ்பிடி, டிவிக்கு நல்ல ஸ்பைக் பஸ்டர். காலையில் கிளம்பும்போதே டிவியையும் கேபிளையும் கழற்றிவிட்டுப் போகும் பழக்கம் வந்தால் இன்னும் நல்லது. வாசல் கேமரா வைத்திருப்பவர்கள் அந்த ரெக்கார்டரையும் கணக்கில் எடுங்கள். நீண்ட வயர் வழியாக அது போவதை அதிகம் பார்க்கிறேன்.

வெளிநாட்டுக்காரர்கள் பூட்டிப்போட்ட வீட்டில் மெயினை அணைத்து, எல்லாப் பிளக்கும் பிடுங்கி, டிஷ் வயரைக் கழற்றிவிட்டுப் போவதுதான் சரி. எதற்காவது கரண்ட் வேண்டும் என்றால் எஸ்பிடியும் ரிலேயும் இரண்டுமே போடுங்கள்.

2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் வந்து போஸ்டுகள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தபோது ஒன்றைக் கற்றுக்கொண்டோம். கரண்ட் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் போடக் கூடாது. முதலில் ஒரு பல்பு. அது வழக்கமான வெளிச்சத்தில் ஐந்து நிமிடம் எரிந்த பிறகு ஃபிரிட்ஜ், அப்புறம் டிவி.

அம்மை தனியாக இருக்கும் வீட்டில் நான் செய்தது இது. டிவி பெட்டியின் பிளக்கை ஜன்னல் பக்கம் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்து சிவப்பு டேப் சுற்றினேன். முதல் இடிச் சத்தத்துக்கு அதைப் பிடுங்கிவிடுவாள். ரவுட்டர் பிளக்கை மட்டும் தொட மாட்டாள். மழை நேரத்தில்தான் பேரன் வீடியோ காலில் வருவான் என்பது அவள் கணக்கு. அந்த ஒரு ரவுட்டருக்காகத்தான் டிபியில் எஸ்பிடி வைத்தேன்.